கறிவேப்பிலைக்கு வேட்டி பிடித்த காலை

எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூரில், தோ பாயோவில் ஒன்பதாவது மாடியில் குடியிருந்தோம். வாசலை ஒட்டிப் பொது நடைபாதை. அதில் ஒரு சதுர பிஸ்கட் டின். டின்னுக்குள் என் மனைவியின் கறிவேப்பிலைச் செடி, அவள் இடுப்பு உயரத்துக்கு. ஊரில் தோட்டம் வைத்திருந்த அவள் அண்ணன் இதை நம்பவில்லை. "சிமெண்டுப் பெட்டிக்குள்ள கறிவேப்பிலையா? கடையில வாங்கிட்டுக் கதை விடாத" என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ரசத்தில் காரம் கூடியது.

"என்னங்க, கேமராவ எடுங்க. அண்ணன் வாயடைக்கணும்."

கேமரா சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் வாங்கியது. போட்டது கறுப்பு வெள்ளை பிலிம். முதல் படத்தை உச்சி வெயிலில் எடுத்தேன். இலைகள் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன. பின்னால் எதிர் அடுக்குமாடி புளோக்கின் மூங்கில் கழிகளில் ஊர்த் துணியெல்லாம் கொடியேற்றம். செடியைத் தேட வேண்டியிருந்தது.

"துணிக்கடை விளம்பரமா இது?" என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை. இளவெயில் சாய்வாக நடைபாதைக்குள் பூனைபோல் நுழைந்த நேரம். செடிக்குப் பின்னால் என் வெள்ளை வேட்டியைத் திரையாகப் பிடிக்கச் சொன்னேன் அவளை. இலைகளின் மட்டத்துக்கு முட்டி போட்டேன். ஒன்பதாவது மாடிக் காற்றுக்கு வேறு வேலை கிடையாது. இலை ஆடியது, வேட்டி புடைத்தது.

"அசையாத, மூச்ச விடாத!"

"காத்து என் மூக்குலேர்ந்தா வருது?"

மார்க்கெட் கூடையோடு வந்த பக்கத்து வீட்டுப் பெண் நின்றுவிட்டாள். "என்ன அக்கா, செடிக்கு வளைகாப்பா? உங்க வீட்டுக்காரரு கும்பிட்டுக்கிட்டு இருக்காரு லா!"

மனைவி சிரித்தாள். காற்று ஒரு கணம் எங்கோ உட்கார்ந்தது. கிளிக்.

குளியலறை ஜன்னலைப் போர்வையால் அடைத்து, சிவப்பு பல்பு போட்டு, நண்பரிடம் இரவல் வாங்கிய படம் பெரிதாக்கும் கருவியோடு அன்று மதியம் உள்ளே புகுந்தேன். படத்திலிருந்து டின்னை வெட்டினேன். வேட்டிக்கு வெளியே தெரிந்த நடைபாதைக் கம்பியையும் எதிர் புளோக்கையும் வெட்டினேன். வேட்டியின் இரு ஓரங்களிலும் தெரிந்த அவள் விரல்களை வெட்டினேன். இருண்டு போயிருந்த இலைகளுக்கு மேல் கையை ஆட்டி ஆட்டி ஒளியைக் கொஞ்சம் தடுத்தேன்; தாளில் ஒளி குறைந்தால் இலை வெளுக்கும். ஈரத் தாளில் இலைகள் நரம்பு நரம்பாக எழுந்து வந்தன. என்னைப் போல் கவிதை எழுதுகிறவனுக்கு அடிப்பதிலும் திருத்துவதிலும் ஒரு வெறி. படத்திலும் அதையே செய்தேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "அழகா இருக்கு. யாரு வீட்டுச் செடி?"

"நம்ம செடிதான்!"

"பூங்காவுல போயி எடுத்ததுன்னுவாரு அண்ணன். டின் எங்க? என் விரல் எங்க? நடைபாதைக் கம்பி, எதிர் புளோக்கு, எல்லாம் வேணும். மாடியில வளந்ததுன்னு தெரிய வேணாமா?"

மறுபடி குளியலறை. வெட்டிய எல்லாவற்றையும் படத்துக்குள் திரும்ப அழைத்தேன். இலைகளுக்குப் பிடித்த கைநிழலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

படத்தை அவள் அண்ணனுக்கு அனுப்பினோம்; சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. பாராட்டு ஒரு வரி இல்லை. "அறிவிருக்கா உனக்கு? இவ்வளவு பெரிய செடிய டின்னுல அடைச்சு வச்சிருக்க. வேர் மூச்சு முட்டும். உடனே பெரிய தொட்டிக்கு மாத்து. நுனியக் கிள்ளி விடு."

அதை அவள் எனக்கு ஒருமுறை, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒருமுறை உரக்கப் படித்தாள். "திட்டுறாரு, பாத்தீங்களா? என் செடிக்காக என்னையே திட்டுறாரு!" முகமெல்லாம் பல்.

அன்று மாலையே தமிழ்க் கடைகள் இருக்கும் சிராங்கூன் ரோட்டுக்கு பஸ் ஏறினோம். திரும்பி வரும்போது மண்தொட்டி என் மடியில் உட்கார்ந்து வந்தது.