களைத்த காலும் ரப்பர் சுத்தியலும்

போன ஞாயிற்றுக்கிழமை என் வலது கால் என்னை ஊரறிய மாட்டிவிட்டது.

நாற்பது வயதில் நான் கராத்தே கற்றுக்கொள்வது உங்களுக்குத் தெரியும். மறக்க விட்டேனா என்ன? வாரமெல்லாம் காப்பி எஸ்டேட் ஆபீஸ் நாற்காலி... ஞாயிறு காலையில் மட்டும் சர்ச் ஹாலில் வெள்ளை உடுப்பு, பச்சை பெல்ட்!

அன்று சேலம் போட்டிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தார் மாஸ்டர். மிஞ்சியது இரண்டு பேர் — நானும், செம்மநத்தத்து விவசாயி சின்னசாமியும்.

அன்றைக்குப் பார்த்து ஸ்டெல்லா வந்தாள். எங்கள் எஸ்டேட் டிரைவரின் மகள், பிசியோதெரபி படிக்கிறாள். கால் தசை களைத்தால் நரம்பின் அனிச்சைச் செயல் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமாம். கையில் சின்ன ரப்பர் சுத்தியல்.

பயிற்சிக்கு முன், எங்கள் இருவருக்கும் முழங்காலுக்குக் கீழே தட்டினாள். என் கால் டக்கென்று உதைத்தது. பெருமையாக இருந்தது — அதில் என் திறமை எதுவும் இல்லை என்றாலும்.

பிறகு நூறு முறை உட்கார்ந்து எழுந்தோம். அறுபதிலேயே எனக்குப் போதும். சின்னசாமி நிறுத்தவில்லையே... நான் எப்படி நிறுத்துவது?

மறுபடி சுத்தியல். சின்னசாமியின் கால் உதைத்தது. தினமும் மலை ஏறி இறங்குகிற கால். என்னுடையதோ, கூப்பிட்டது கேட்டும் எழுந்து வராத ஆபீஸ் பியூன் மாதிரி லேசாக அசைந்துவிட்டு நின்றது.

மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். விடுவேனா? "இன்னொரு தடவை தட்டும்மா" என்றேன். சுத்தியல் இறங்கும்போதே ஓங்கி உதைத்தேன்.

"ஏனுங்க சார்... நான் இன்னும் தட்டவே இல்லீங்களே!"

ஹாலே சிரித்தது. ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "தசை நொம்ப களைச்சிருக்குதுங்க. இப்பச் சண்டை போட்டா, இடறினாக்கூட கால் தன்னால ஊணிக்காது. கொஞ்ச நேரம் உக்காருங்க சார்."

தலையை ஆட்டினேன். மாஸ்டர் எங்களைச் சண்டைக்குக் கூப்பிட்டதும் எழுந்து போனேன்.

சின்னசாமி என் காலை வாரினார். வருவதைக் கண்ணால் பார்த்தேன். நகரு என்று காலுக்கு உத்தரவும் போட்டேன். அது கிளம்புவதற்குள் நான் பாதி வழி சாய்ந்துவிட்டேன். மண்டை சிமென்ட் தரையில் மோதியிருக்கும் — சின்னசாமி பாய்ந்து என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"கால் வெடவெடன்னு ஆடறதப் பாத்தனுங்க. அதான் மெதுவா வாருனேன். அடி பட்டுதுங்களா?"

மெதுவாக வாரியதற்கே இந்தக் கதி! ஜெயிக்கிற நேரத்தில் அவர் எதிராளியைத் தாங்கிப் பிடிக்கிறார். நான்? ஒரு பெண்ணின் படிப்பில் பொய்யைச் சேர்க்கப் பார்த்தேன். களைத்துவிட்டேன் என்று சொல்ல நமக்கு ஏன் இத்தனை வெட்கம்?

நொண்டிக்கொண்டே ஸ்டெல்லாவிடம் போனேன். "அந்த உதை பொய் கண்ணு. கால் சரியா அசையலைன்னே எழுதிக்க."

"அப்படித்தானுங்க எழுதியிருக்கேன்" என்றாள்.

சின்னசாமிதான் தேர்வானார். அடுத்த வாரம் அவரோடு பஸ்ஸில் சேலம் போகிறேன் — அவர் பையைத் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொன்னேன். என் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.