கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி செருப்பு

இந்த நினைவு மலரின் அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்து, அண்ணன் யார் மேலோ கோபமாக இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். கண் சிமிட்டக் கூடாது என்று ஸ்டூடியோக்காரர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அவர் போதும் என்று சொல்லும்வரை அண்ணன் அப்படியே விறைத்து உட்கார்ந்திருந்தார். அதிலும் நெருங்கியவர்கள் ஒன்றைச் சொல்லிவிட்டால் சாகும்வரை பிடித்துக்கொள்கிற குணம் அவருக்கு. அவரை நமக்குக் கொடுத்ததும் அந்தக் குணம்தான், நம்மிடமிருந்து கொண்டுபோனதும் அதுதான். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையப்போகிற இந்த வேளையில், அவருடைய ஒரே தங்கை, கண்ணீரோடும் கொஞ்சம் ஆத்திரத்தோடும் இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பெங்களூரில், தொம்மலூர் பழைய ஊருக்குள், இன்று கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கும் அதே சந்தில். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்கள் அப்பா, நாங்கள் சிறுபிள்ளைகளாக இருக்கும்போதே காலமானார். அண்ணன் பள்ளிக்கூடப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, பஸ் மாறி பஸ் ஏறி, ஓய்வு பெறும்வரை போய் வந்தார். என்னைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். கிருஷ்ணகிரியிலிருந்து அண்ணி வந்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அண்ணன் ஒரு நாளும் ஒரு குறையும் சொன்னதில்லை.

செருப்புக் கதைக்கு வருகிறேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, அம்மா தூங்குகிறார் என்று அண்ணன் மருந்து வாங்கப் போயிருக்கிறார். கண் விழித்த அம்மா, பக்கத்தில் யாரும் இல்லாததைக் கண்டு பயந்து, குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து நடந்துவிட்டார். அண்ணன் திரும்பி வந்ததும் அழுதுகொண்டே கேட்டார்: "நீ இங்க கீறியா போய்ட்டியான்னு எனக்கு எப்பட்றா தெரியும்?"

அன்றிலிருந்து அண்ணன் தன் செருப்பைக் கழற்றி அம்மாவின் கட்டிலுக்கடியில், படுத்தவாக்கில் எட்டிப் பார்த்தால் தெரியும்படி வைத்தார். டீ வாங்கவோ ரிப்போர்ட் வாங்கவோ வெறுங்காலோடு போய் வந்தார். "செருப்பு கீழ இருந்தா நான் இங்கதான் எங்கனா இருக்கேன்னு அர்த்தம். செருப்ப உட்டுட்டு எவனாவது ஊருக்குப் போவானா? தூங்கும்மா."

அம்மாவோடு அது முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்காவது அந்தச் செருப்பைத் தெரியும். ஆபரேஷனுக்காக ஊரிலிருந்து பெங்களூருக்கு வந்தீர்களே, அப்போது கூட இருந்தவர் யார்? ஆரஞ்சு வாங்கி வந்து ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போகிறவர் இல்லை அண்ணன். பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வந்து ஒரு ஸ்டூலில் உட்காருவார். அதிகம் பேசவும் மாட்டார். அவர் பக்கத்தில் இருந்தால் ஏனோ தூக்கம் வரும்.

என் பிரசவம் சிவாஜிநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது. வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். அண்ணன் சும்மா இருந்தாரா? செருப்பைக் கழற்றி ஆயாவின் கையில் கொடுத்து, என் கட்டிலுக்கடியில் வைக்கச் சொல்லியிருக்கிறார். "நல்லா கீதுய்யா நாயம்! கொயந்த பொறக்கற எடத்துக்கு செருப்பக் குடுத்து அனுப்பறியே, உனக்கு அறிவு கீதா?" என்று ஆயா போட்ட சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. திட்டிக்கொண்டேதான் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று பிறந்த என் மகன்தான் போன வருடம் அண்ணனுக்குக் கொள்ளி வைத்தான்.

அண்ணனுக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகியிருந்தது. காலில் உணர்ச்சி குறைந்துபோயிருக்கிறது, வீட்டுக்குள் கூட வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தார். அம்மா கேட்ட கேள்விக்கு முன்னால் டாக்டர் சொன்னது எடுபடவில்லை.

போன வருடம் அண்ணிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். வழக்கம்போல அண்ணனின் செருப்பு கட்டிலுக்கடியில், அண்ணன் வெறுங்காலோடு எதிர்ப்பக்கத்து டீக்கடையில். குழாய் போடுவதற்காகத் தோண்டிப் போட்டிருந்த ரோட்டில் ஏதோ கம்பி அவர் காலில் ஏறியிருக்கிறது. அவருக்கு அது தெரியவே இல்லை. வார்டைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மா ஒருவர், தரையில் சிவப்பாகத் தடம் விழுவதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, கால்ல ரத்தம்!" என்று கத்தினாராம். அண்ணன் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, "ஒண்ணும் இல்லம்மா. அவ காதுல போட்டுடாத, தையல் போட்ட ஒடம்பு, பயந்துடுவா" என்று அவர் வாயை அடைத்துவிட்டார்.

அண்ணி வீடு திரும்பி, கஞ்சி குடித்து, எழுந்து நடமாடும்வரை அண்ணன் இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. கால் வீங்கிக் கறுத்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். விரல்களை எடுத்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று சொல்லி ஐசியுவுக்குக் கொண்டுபோனார்கள். ஏன் அண்ணா இப்படிச் செய்தீர்கள்? ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ள உங்களுக்குத் தோன்றவில்லையா? இந்தக் கேள்வியை இன்றும் படத்தின் முன்னால் நின்று கேட்கிறேன்.

ஐசியுவில் கூட இருக்க முடியாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரே ஒருவர், கவுன் மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். அண்ணி தன் செருப்பைக் கழற்றி அந்தக் கதவோரம் வைத்துவிட்டு, வெறுங்காலோடு போய் எதிரில் உட்கார்ந்தார். காவலாளி கன்னடக்காரர். "அம்மா, சப்பலி இல்லி பிடபேடி" என்று, இங்கே விடக் கூடாதென்று தடுத்தார். அண்ணி அவருக்குக் கன்னடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு யாரும் தடுக்கி விழாதபடி செருப்பைத் தன் பூட்ஸ் காலால் சுவரோரம் மெல்லத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைப் பார்த்து நானும் கழற்றினேன், என் வீட்டுக்காரரும் கழற்றினார். பார்க்க வந்த பட்டறைக்காரர்களும் சந்துக்காரர்களும் காரணம் கேட்டுவிட்டுக் கழற்றினார்கள். கோயில் வாசல் மாதிரி ஆகிவிட்டது.

ஒரு சாயங்காலம் ஸ்கேன் எடுப்பதற்காக அண்ணனை ஸ்ட்ரெச்சரில் வெளியே தள்ளி வந்தார்கள். முகத்தில் மாஸ்க், தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது, செருப்புகள் கிடந்த பக்கம். "பாத்தாரு, பாத்தாரு" என்று, ஸ்ட்ரெச்சர் கடந்ததும் அண்ணி ஓடி வந்து என் கையைப் பிடித்து நசுக்கினார். நான் மறுபக்கம் நின்றிருந்தேன். அண்ணனின் பின்தலைதான் எனக்குத் தெரிந்தது. அண்ணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலை, பார்க்க விடும் நேரத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. எல்லோர் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தவர் போகும்போது, எங்களில் ஒருவர் கூட அவர் பக்கத்தில் இல்லை. இதை எப்படி எழுதினாலும் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருடைய செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார்கள். அண்ணி அதைத் தொடவில்லை. "இதாலதான போனாரு. எனக்காகத்தான போனாரு. எங்கனா கொண்டுபோய்க் கடாசிடு" என்றார். கடாச எனக்கு மனம் வரவில்லை. கெங்கேரியில் என் வீட்டு பீரோ மேல் வைத்தேன்.

காரியம் முடியும்வரை தொம்மலூர் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டு கிளம்பினோம். வேலை, பிள்ளைகளின் பரீட்சை, டிராஃபிக். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன், என் மகன் முடிந்தபோது போனான். மற்றபடி வாசலில் அண்ணியின் செருப்பு மட்டும்தான்.

சில மாதம் கழித்து அண்ணி போன் செய்தார். "அந்தச் செருப்ப கடாசிட்டியா?"

"இல்ல அண்ணி. பீரோ மேல கீது."

"எடுத்துனு வா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணியே ஈரத்துணியால் துடைத்து, தன் கட்டிலுக்கடியில், படுத்தவாக்கில் எட்டிப் பார்த்தால் தெரியும்படி வைத்தார். "காலைல முழிச்சதும் பாக்கறேன். டீ வாங்கப் போயிருக்காருன்னு தோணுது. பல்லு வெளக்கற வரைக்கும் அந்த நெனப்பு நிக்குது. அப்புறம் போயிடுது" என்றார். அன்று அங்கேயே தங்கிவிட்டேன்.

ரத்தம் கொடுத்த பட்டறை நண்பர்களுக்கும், சோறு பொங்கி அனுப்பிய தொம்மலூர் சந்துக்காரர்களுக்கும், அந்தக் காவலாளிக்கும், ரத்தத் தடத்தை முதலில் பார்த்த அந்தத் துப்புரவுக்கார அம்மாவுக்கும், தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. போனில் தினமும் "சாப்டீங்களா?" என்று கேட்கும் உறவுகளுக்கும் நன்றி. ஆனால் ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போனுக்குக் கால் கிடையாது.

நினைவு நாளுக்கு எல்லோரும் வருவீர்கள், தெரியும். அது போதாது. ஒன்றும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையும் வாருங்கள். பழம் வேண்டாம், ஆறுதல் வார்த்தையும் வேண்டாம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய், அண்ணியின் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். அண்ணி நடுவில் கண்ணயர்ந்தால் எழுந்து போய்விடாதீர்கள். அவர் கண் விழித்து வாசலைப் பார்க்கும்போது, உங்கள் செருப்பு அங்கேயே கிடக்கட்டும்.