சுவருக்குள் அழுகிறவர்

“மூணு டிபார்ட்மென்ட்டும் ஒரே காத்தைப் பகிர்ந்துக்கணுமா? ஒரு ஸ்டேப்ளரையே பகிர்ந்துக்க மாட்டாங்கம்மா.”

என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு கான்ட்ராக்டர் சொன்னது. நான் ஆர்க்கிடெக்ட்; மில் தொழிலாளியின் மகள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். யாராவது சந்தேகப்பட்டால் பென்சிலை இன்னும் அழுத்திப் பிடிப்பேன்!

இன்ஜினீயரிங் கல்லூரியின் ஆராய்ச்சிக் கட்டடம் எழுந்தது. ஏசி இல்லை. நடுவில் புகைபோக்கி மாதிரி உயரமான காற்றுப்போக்கி. மூன்று துறைகளின் லேபிலிருந்தும் அதற்குள் திறக்கும் ஒரு ஜன்னல். சூடு மேலே போய்விடும். அடியில், எல்லோரும் உட்கார்ந்து பேச ஒரு பொது அறை.

போன வாரம் கல்லூரியிலிருந்து போன். லேபெல்லாம் ஒரே புழுக்கமாம். திங்கட்கிழமை காற்றுப்போக்கியைச் செங்கல் வைத்து அடைக்கப்போகிறார்களாம். அப்புறம் ஏசி. நான் வரைந்தது அவ்வளவுதான்... ஓடினேன்.

லேப் அசிஸ்டென்ட் செல்வி, தவளக்குப்பத்துப் பெண், கேட்டிலேயே நின்றாள். உள்ளே வர மறுத்துவிட்டாள்.

“மத்தியானம் ஆனா செவுத்துக்குள்ள யாரோ அழுவுறாங்க மேடம்.”

தனியாகப் போனேன். பட்டப்பகல். வராந்தாவில் ஆள் இல்லை. கடல்காற்று எழுந்தது. முதலில் முனகல். பிறகு வாயை மூடிக்கொண்டு ஒரு பெண் அழுவது போல, நீளமாக... சுவரில் கை வைத்தேன். சுவர் நடுங்கியது.

திரும்பி ஓடியிருக்கலாம். மெக்கானிக்கல் லேபுக்குள் நுழைந்தேன். அங்கே ஜன்னலை மறைத்து ஒரு பீரோ! எலெக்ட்ரிகலில் பிளைவுட் அடித்திருந்தது. சிவிலிலும் பிளைவுட், அதன்மேல் ஓர் எலுமிச்சம்பழம். சிவில் துறைத் தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

“டாக்டரேட் வாங்கிட்டு பேய்னு வெளிய சொல்ல முடியுமாம்மா? அதான் கமுக்கமா அடைச்சேன்.”

மூன்று துறைத் தலைவர்களுமே கமுக்கமாக அடைத்திருக்கிறார்கள். காலி பாட்டிலின் வாயில் ஊதிப் பாருங்கள், முனகும். அப்படி ஆகிவிட்டது என் காற்றுப்போக்கி. ஒவ்வொருவராக அடைக்க அடைக்க, அழுகை கூடியிருக்கிறது. ‘உங்களுக்கும் கேக்குதா?’ என்று பக்கத்து அறையில் ஒருவர் கேட்டிருந்தால்?

மூன்றையும் திறக்க வைத்தேன். மேஜைகளில் காகிதம் படபடத்தது. அழுகை சட்டென்று நின்றது.

“இப்ப இந்த அமைதிதாம்மா பயமா இருக்கு,” என்றார் சிவில்காரர்.

கொத்தனாரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பொது அறைப் பக்கம் இன்னும் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

நேற்றிலிருந்து என் மேஜை அங்கேதான். நாற்காலி மட்டும் நான்கு போட்டிருக்கிறேன்.