நூற்று நாற்பத்தொன்றில் நின்ற ஓட்டம்

ஆஸ்பத்திரியில் அவருக்கு ‘ஒரு நிமிஷம்’ என்று பட்டப்பேர். வைத்தவர்கள் நோயாளிகள். இதயத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று ஓடவிட்டுப் பார்க்கும் அறையில் இருபது வருஷமாக அவர்தான் டெக்னீஷியன். டிரெட்மில்லில் ஓடுகிறவர், “போதும் சார், முடியல” என்று கெஞ்சினால், “இன்னும் ஒரு நிமிஷம்” என்பார். அது முடிந்ததும் இன்னொரு நிமிஷம் வரும். துடிப்பு வயதுக்கேற்ற கணக்கைத் தொட்ட பிறகுதான் ரத்தம் போகும் வழியைப் படத்தில் காட்டும் ஊசி மருந்து, அப்புறம் படம். பாதி ஓட்டத்தில் எடுத்த படம் பொய் சொல்லும் என்பது அவருடைய வேதவாக்கு. அவரது கல்நெஞ்சைப் பற்றி வெளியே பெஞ்சில் தனி மாநாடே நடக்கும்.

அவருடைய மகள் கல்லூரியின் ஓட்டக்காரி. பயிற்சியின்போது மயங்கி விழுந்தாள். ஸ்கேனில் விஷயம் தெரிந்தது: இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய் ஒன்று பிறவியிலேயே இடம் மாறி முளைத்து, இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவே ஒண்டிக்கொண்டு போகிறது. ஓடும்போது அது நசுங்குகிறதா என்பதுதான் கேள்வி. நசுங்காவிட்டால் அணியில் இடம். நசுங்கினால் ஓட்டத்திலேயே உயிர் போகலாம்.

சோதனையன்று துடிப்பு நூற்று எழுபதைத் தாண்ட வேண்டும். நூற்று நாற்பத்தொன்றில் மகள் முகம் சிவந்தது. கல்நெஞ்சர் பதறிப்போய், “போதும்மா, போதும்” என்று தானே ஊசியைப் போட்டு இயந்திரத்தை நிறுத்திவிட்டார். பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர் வாயே திறக்கவில்லை. ‘ஒரு நிமிஷ’த்துக்கே பாடம் எடுக்க அவருக்கென்ன பைத்தியமா?

படம் பளிச்சென்று வந்தது. பெரிய டாக்டரம்மா சிரித்தார். “ரத்தம் நல்லாப் போகுதே! ஃபாரத்துல அந்தத் துடிப்புக் கட்டத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்துடுங்க.”

மகள் அதற்குள் பயிற்சியாளருக்குப் போன் போட்டுவிட்டாள். அப்பா பேனாவைப் பிடித்தபடி நின்றார். நூற்று எழுபது என்று எழுதினால் ஒரு காக்கா குருவிக்கும் தெரியாது. பயமாக இருந்தது. நூற்று நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டு, “பாசத்துல பாதியிலேயே நிறுத்திட்டேன் டாக்டர். இந்தப் படத்தை நம்பாதீங்க” என்றார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி ஓட்டம். “முடியலப்பா, நிறுத்துங்க” என்றாள். கண்ணில் நீர் வழிய, “இன்னும் ஒரு நிமிஷம்” என்றார். இந்தப் படத்தில் இதயத்தின் ஓர் ஓரம் ரத்தமில்லாமல் இருண்டு கிடந்தது.

அறுவைசிகிச்சை வரை அவள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆறு மாதம் கழித்து, குழாய் சரியாகிவிட்டதா என்று பார்க்க அதே இயந்திரத்தில் ஏறினாள். நூற்று நாற்பதைத் தொட்டதும் அவர் கை தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போனது.

“கையை எடுங்கப்பா” என்றாள் மூச்சிரைக்க. “இன்னும் ஒரு நிமிஷம்.”