ஜெசிந்தா டீச்சர் சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

மகளுக்குச் சாக்ஸ் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஜெசிந்தா டீச்சர் இறந்துவிட்டார். வேறு யாரோ ஜெசிந்தா என்றுதான் முதலில் நினைத்தேன். போன வாரம்கூட, "காய்ச்சல்தான் சார், திங்கக்கிழம வந்துருவேன்" என்று போனில் சொன்னவர்.

திண்டுக்கல்லில் நாங்கள் வேலை பார்த்த பள்ளியில் அவர் எல்.கே.ஜி. ஆசிரியை, நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவன். என் மகள் மகிழினி சென்ற ஆண்டு அவரிடம் சேர்ந்தாள். ரெட்டியார்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் நன்றாகத்தான் வருவாள். பள்ளி வாசல் வந்ததும் வாந்தி எடுப்பாள். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர்.

ஒருநாள் வாசலில் நின்று அவளிடம் வழக்கம்போல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓடாதே, குழாயடி வழுக்கும், ஊஞ்சலில் ஏறாதே, மெதுவாகச் சாப்பிடு, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். டீச்சர் அவளை உள்ளே அனுப்பிவிட்டு என்னை நிறுத்தினார்.

"ஏன் சார், இம்புட்டுல ஏதாச்சும் ஒண்ணு இவளுக்கு நடந்திருக்கா?"

"இல்ல டீச்சர். நடந்துட்டா?"

"அந்த 'நடந்துட்டா'வத்தான் டிபன் பாக்ஸோட சேத்து அனுப்புறீங்க. நாலு வயசுப் பிள்ள அத எங்க சார் வைக்கும்?"

எனக்குக் கோபம். இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. பிறகு, "போயிட்டு வா, சாயங்காலம் அப்பா வாரேன்" என்பதோடு வாயை மூடப் பழகினேன். ஒரு மாதத்தில் வாந்தி நின்றது. காலையில் பால் கொடுப்பதை நிறுத்தியதால்தான் என்கிறாள் என் மனைவி. நான் வாயை மூடியதும் பாலை நிறுத்தியதும் ஒரே வாரத்தில் நடந்தன. கணக்கு வாத்தியாரான எனக்கே இன்றுவரை விடை தெரியவில்லை. ஆனாலும், பிள்ளைகள் முன்னால் பயத்தைக் காட்டாதீர்கள் என்று பார்க்கிற பெற்றோரிடமெல்லாம் டீச்சரின் பெயரால் சொல்லிவந்தேன்.

அடக்கம் முடிந்த பிறகுதான் அவருடைய கணவர் சொன்னார். எட்டு மாதமாகப் புற்றுநோய். "பிள்ள பயந்துருவா, யாருக்கும் தெரிய வேணாம்னு சொல்லிட்டா சார்."

இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள் ஷாரன் என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். விரல் நுனியெல்லாம் கடித்துக் கடித்துச் சிவந்திருந்தது.

"எனக்குத் தெரியும் அங்கிள். அம்மா பாத்ரூம்ல அழுவாங்க. வெளிய வந்து சிரிப்பாங்க. நான் கேட்டா அம்மா பயந்துருவாங்கன்னு கேக்கல. கேட்டிருக்கலாமா அங்கிள்?"



இதைப் படிப்பவர்களில் டீச்சரை அறிந்தவர்கள் இருந்தால், உங்களிடம்தான் இதைக் கேட்கவேண்டும். அவர் சொன்னதை நான் தவறாகப் புரிந்துகொண்டேனா? அல்லது எனக்குச் சொன்னதை அவரே தன் வீட்டில் தவறாகப் புரிந்துகொண்டாரா? வராத ஒன்றை நினைத்து மிரட்டுவது வேறு, வந்துவிட்டதை மறைப்பது வேறு என்று ஒரு சமயம் தோன்றுகிறது. அம்மாவாக அந்த இடத்தில் நின்றவருக்கு அது அப்படித் தெளிவாக இருந்திருக்குமா என்று மறுகணமே குழம்புகிறது.

மறுநாள் மகிழினி கேட்டாள், "மிஸ் எப்பப்பா வருவாங்க?"

"வரமாட்டாங்கடா. செத்துப் போயிட்டாங்க."

"நீயும் செத்துருவியா?"

ஜெசிந்தா டீச்சர் எந்தக் குழந்தையிடமும் நின்றபடி பேசியதில்லை. சேலை அழுக்காவதைப் பாராமல் வெறுந்தரையில் உட்கார்ந்துவிடுவார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதில் எனக்குச் சந்தேகமில்லாதது அது ஒன்றுதான். நானும் மகளுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தேன்.

"எல்லாரும் ஒருநாள் போவோம்டா. எப்பன்னு அப்பாவுக்குத் தெரியல" என்றேன்.

அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அதில் அப்போது என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் எழுந்திருக்கவில்லை.