சுத்தம் செய்த வானம்

அச்சகத்தில் அவரை எல்லோரும் ரப்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சுக்குப் போகும் படங்களில் வேண்டாததை அழிப்பது அவர் வேலை. மணப்பெண்ணின் பருவை அழிப்பார், கடை முதலாளியின் தொப்பையைக் கரைப்பார், கட்டடத்தின் குறுக்கே ஓடும் மின்கம்பியைச் சத்தமில்லாமல் உருவிவிடுவார். ஒருமுறை ஒரு குடும்பப் படத்திலிருந்து, சண்டை போட்டுக்கொண்டு போன மாப்பிள்ளையையே தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்தார். பிறகு அவர்கள் சமாதானமாகி, மாப்பிள்ளையைத் திரும்ப நிற்க வைக்க முடியுமா என்று வந்து கேட்டார்கள். முடியாது என்றார். வேலை முடிந்ததும் கணினியில் இடம் வேண்டுமென்று மூலப்படத்தைத் துடைத்துவிடுவது அந்த அச்சகத்தின் வழக்கம். மாப்பிள்ளை தொட்டியாகவே நின்றுவிட்டார்.

வீட்டிலும் ரப்பர் அப்படித்தான். கசப்பான எதையும் முகத்துக்கு நேராகச் சொல்ல வராது. மென்று முழுங்கிவிட்டு, தானாகக் கரைந்துபோகும் என்று காத்திருப்பார். சொந்த அண்ணன் இறந்துபோன செய்தியையே, மனைவி சாப்பிட்டு முடிக்கட்டும் என்று அடக்கிக்கொண்டு, அவளுக்குச் சோறு பரிமாறியவர். இதைச் சாதுத்தனம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவரோடு குப்பை கொட்டியவளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.

அவள் மெத்தைக் கடையில் பல வருஷம் பஞ்சு அடைத்தவள். பாதிப் பஞ்சு மெத்தைக்குள் போயிற்று, மீதி அவள் நெஞ்சுக்குள் போயிற்று. குடியிருந்ததோ லாரி பழுதுபார்க்கும் கொட்டகைக்கு மேலே இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் கரியும் புழுதியும், சாத்தினால் புழுக்கம். கோடையில் விசில் மாதிரி மூச்சு இழுக்கும், பனியில் அதைவிட இழுக்கும். படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று தலையணைகளைச் சுவரோடு அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். அந்த விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ரப்பர் பக்கத்தில் படுத்திருப்பார். அது சற்று நின்றால் இன்னும் பயமாக இருக்கும்.

மருத்துவர் ஒவ்வொரு தடவையும் மருந்தை மாற்றிப் பார்த்தார். கடைசியில், வெயிலும் குளிரும் கடுமையாக இல்லாத, கடல்காற்று வருகிற இடமாகப் பார்த்துப் போய்விட்டால் கொஞ்ச காலம் நன்றாக இருக்கலாம் என்றார். போகிற போக்கில் சொன்ன வார்த்தைதான். ஆனால் தண்ணீரில் தத்தளிப்பவள் கயிற்றைப் பிடிப்பது மாதிரி அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். எந்த இடம் என்று யோசிக்கவேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை. அது அவர்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

படகில் அரை நாள் தூரத்தில் ஒரு தீவு. வருஷம் முழுவதும் ஒரே இதமான பருவம், பச்சைக் குன்றுகள், அரைவட்டமாக வளைந்த கரை. அங்குள்ள சுற்றுலா அலுவலகத்துக்கு வருஷா வருஷம் காலண்டர் அச்சடித்துக் கொடுப்பது ரப்பரின் அச்சகம்தான். வீணாகும் பிரதிகளில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதில் எந்த வருஷமும் தவறாமல் ஒரு படம் இருக்கும்: கரையோரமாக வெள்ளை அடித்த சின்ன வீடு, நீலக் கதவு, பின்னால் குன்று, அதற்கு மேலே துடைத்து வைத்த வானம். மற்ற பக்கங்களை அவள் கிழித்துப் போடுவாள்; இதை மட்டும் சுவரில் ஒட்டுவாள். நம்ம வீடு என்பாள். எந்த ஜன்னலோரம் கட்டில், எங்கே அடுப்பு, எந்தக் கொம்பில் துணி காயப்போடுவது என்று எல்லாம் முடிவாகியிருந்தது. இருமல் வந்து கண்ணில் நீர் முட்டும்போது அவள் பார்வை அந்தக் கதவுக்குத்தான் போகும்.

அந்த வானத்தைத் துடைத்தவர் யார் என்று அவள் கேட்டதில்லை.

மூலப்படத்தில் அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு சுண்ணாம்பு ஆலை. அதன் புகைபோக்கி படத்தில் குன்றைவிட உயரமாகத் தெரியும். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது, உச்சியில் புகை. வேண்டாம் என்று சுற்றுலா அலுவலகம் சொல்லும், ரப்பர் எடுத்துவிடுவார். முதல் வருஷம் அவள் அந்த வீட்டைக் காட்டிச் சிரித்தபோதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். அன்றைக்கு அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. அடுத்த வருஷம் சொல்லவந்தபோது அவள் கட்டிலை எங்கே போடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் சொன்னால், ஏன் முன்னமே சொல்லவில்லை என்ற கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். இதில் இன்னொன்றும் இருந்தது. வருஷா வருஷம் அழித்து அழித்து, அந்தப் புகைபோக்கி நிஜமாகவே போய்விட்டது போல அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. கையால் அழித்தவனுக்குத்தான் இந்த மயக்கம் வரும்.

இந்த நிலையில் அவள் தம்பி ஒருநாள் மூச்சிரைக்க மாடியேறி வந்தான். துறைமுகத்துக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். படகுக்காரர்கள் எல்லோரும் பழக்கம். அக்காவுக்காக யார் யாரிடமோ விசாரித்து, அந்த நீலக் கதவு வீட்டுக்காரரையே பிடித்துவிட்டான். வீடு காலியாகத்தான் இருக்கிறதாம். தன் கையிலிருந்து முன்பணம் கொடுத்துப் பேசி முடித்துவிட்டான்.

"நேர்ல போய்ப் பாத்தியா?" என்று ரப்பர் கேட்டார்.

"எதுக்கு மாமா? வீட்டுக்காரரே போட்டோ அனுப்பிட்டார். நீங்களே பாருங்க."

ரப்பர் அவனுடைய ஃபோனை வாங்கிப் பார்த்தார். வெள்ளை வீடு, நீலக் கதவு, குன்று. புகைபோக்கியைக் காணோம். இடித்துவிட்டார்கள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மச்சினனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்புறம்தான் குன்றுக்கு மேலே இருந்த மேகம் கண்ணில் பட்டது. வால் நீண்ட ஒற்றை மேகம். வேறொரு படத்திலிருந்து வெட்டி, ஆலையின் உச்சியை மறைக்க அவரே ஒட்டியது. வீட்டுக்காரர் காலண்டரைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

மறுநாள் அச்சகத்தில் மூலப்படத்தைத் தேடினார். அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: புகை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? குன்றுப் பக்கம் என்றால் பிழைத்தார்கள். வீட்டுப் பக்கம் என்றால் இல்லை. புகைபோக்கியின் ஒவ்வொரு பட்டையும் அவருக்கு நினைவிருந்தது; புகை மட்டும் நினைவில் இல்லை. எங்கே தேடியும் படம் கிடைக்கவில்லை. அச்சு இயந்திரம் ஓட்டுகிறவரிடம் கேட்டுப் பார்த்தார்.

"நீ அழிச்சது எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார் அவர்.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் மல்லாந்து படுத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் இப்படிப் படுத்து அவர் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. சுவரோரத் தலையணைகளைக் கட்டி மூட்டையாக்கி வாசலில் வைத்திருந்தாள். ரப்பர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்து, படியில் உட்கார்ந்து அழுதார். எழுந்தபோது சொல்லும் எண்ணம் போயிருந்தது. காற்று பார்த்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கட்டிலையும் பீரோவையும் வந்த விலைக்குத் தள்ளி, மச்சினன் கொடுத்த பணத்தை அடைத்துவிட்டு, வேலையையும் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். தீவின் படகுத்துறையில் வருகிறவர்களைப் படம் எடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது ரப்பரின் கணக்கு. படகு தீவைச் சுற்றிக்கொண்டு போயிற்று. குன்றின் மறுபக்கமெல்லாம் வீடுகள், கொடிகள் படர்ந்த சுவர்கள், மரத்தடியில் தூங்கும் நாய்கள். அவள் குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தாள். வளைவு திரும்பியதும் அவள் கை நின்றது.

"அது என்னங்க?"

"ஏதோ ஆலை."

அவள் புகைபோக்கியைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள்.

ரப்பர் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடலிலிருந்து காற்று வீசியது. புகை குன்றுப் பக்கமாக, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போயிற்று. அவருக்கு உயிர் வந்தது. கரையிலிருந்து வீட்டுக்கு ஏறும் மேட்டில் அவள் எங்கும் நிற்கவில்லை. நீலக் கதவைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு, நடு அறையில் நின்று நெஞ்சு விரிய மூச்சை இழுத்தாள். விசில் இல்லை. வெயில் இளஞ்சூட்டு வெந்நீர் மாதிரி மேலே பட்டது. அந்தப் பிற்பகல் அவர்களுடைய கல்யாண வாழ்க்கையின் நல்ல பிற்பகல்களில் ஒன்று. முற்றத்துச் செடிகளின் இலைகள் ஏன் வெளுத்திருக்கின்றன என்று ரப்பர் யோசிக்கவில்லை, யோசிக்க விரும்பவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் காற்று நின்றது. சற்று நேரம் இலைகூட அசையவில்லை. பிறகு குன்றுப் பக்கத்திலிருந்து வீசத் தொடங்கியது. பக்கத்து வீட்டு அம்மாள் துணி எடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"ஜன்னலச் சாத்துங்கம்மா. சாயங்காலம் ஆனா காத்து திரும்பிடும், காலையிலதான் விடும். உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

சொல்லவில்லை. மனைவி ஜன்னலுக்குப் போவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. காரமான வெள்ளைத் தூசி அறைக்குள் இறங்கியது. ரப்பருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதுகைத் தடவினார், தண்ணீர் கொடுத்தார், மருந்தைத் தேடி மூட்டைகளைக் கவிழ்த்தார். மருந்து போய்ச் சற்று அடங்கிய பிறகு அவள் கேட்டாள்.

"நீங்கதான் எடுத்தீங்களா?"

தலையசைத்தார்.

"வருஷா வருஷமா?"

அதற்கும் தலையசைத்தார். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். கோபப்பட மூச்சு வேண்டுமே.

"அந்தப் பக்கம்..." நிறுத்தி மூச்சை இழுத்துக்கொண்டாள். "அந்தப் பக்கம் எத்தனை வீடு இருந்துச்சு. சொல்லியிருந்தா... வேற ஒண்ணு எனக்குப் பிடிச்சுப்போயிருக்கும்ங்க. கதவையா சுவாசிக்கப்போறேன்?"

இத்தனை வருஷத்தில் இது அவருக்குத் தோன்றவே இல்லை. வீட்டைப் பறித்தால் அவள் உயிரைப் பறித்த மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தார். படத்தில் இருந்தது ஒரே வீடு. தீவில் இருந்ததோ எத்தனையோ வீடுகள். இப்போது அதில் எதற்கும் கொடுக்க அவர்கள் கையில் ஒன்றுமில்லை.

அவர் எழுந்து ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார். கடைசியாகக் கடலைப் பார்த்த ஜன்னலையும் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தார். அவர் திரும்பியபோது, அவள் தலையணை மூட்டையை அவிழ்த்துச் சுவரோரமாக அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.