அம்மா பாடிய ஐந்து கோட்பாடுகள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் குரலில் கர்வம் ஏறுவதாகத் தோழிகள் சொல்வார்கள். ஏறட்டும். அப்பா பைராம் தோட்டத்தில் பிறந்து, பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கியவர். அம்மா சிவகங்கைப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர். அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு மலேசியா வந்தார். இருவருக்கும் எந்த மொழியிலும் எழுத்து தெரியாது. நான் தமிழ்ப்பள்ளியில் தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை போனேன். இப்போது மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். தொலைபேசியில் என் மலாயைக் கேட்பவர்கள் என்னை மலாய்க்காரி என்றே நினைத்துக்கொள்வதுண்டு.

அம்மாவிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரமாக இங்கே வசிக்கலாம், ஆனால் குடிமகள் இல்லை. நீல அட்டை, எங்கள் பேச்சில் நீல ஐசி, கிடைத்தால்தான் குடியுரிமை. தேர்தல் நாளில் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியே கூட்டமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய், விரலில் மையோடு திரும்பி வரும். அம்மா அன்றைக்கு வீட்டிலேயே இருப்பார். “போங்க போங்க, நான் ஒங்க வீட்டுக்கெல்லாம் காவல் இருக்கேன்” என்று பக்கத்து வீட்டு அக்காக்களிடம் சிரிப்பார். ஒருமுறை மட்டும் என் விரலைப் பிடித்து மையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “போவாதா ஆத்தா இது?” என்று கேட்டார். அதன்பிறகுதான் நான் அவருக்காக விண்ணப்பம் போட்டேன்.

பல வருடங்கள் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மலாயில் பேசிப் பார்ப்பார்கள், இரண்டு வரி வாசிக்கச் சொன்னாலும் சொல்வார்கள், நாட்டுக் கோட்பாடுகள் ஐந்தையும் கேட்பார்கள் என்று முன்பே போய்வந்த ஒருவர் சொன்னார். ருக்குன் நெகாரா என்ற அந்த ஐந்தையும் இங்கே பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளையும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லும். அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஆனால் அம்மாவுக்கு மலாய் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆயர் ஈத்தாம் பாசாரில் ஒரு சீனத்தியின் காய்கறிக் கடையில் நெடுநாளாக வேலை பார்த்தார். வருகிற மலாய்க்காரர்களிடம் மலாய், முதலாளியம்மாவிடம் ஹொக்கியன் சீனம், எங்களிடம் சிவகங்கைத் தமிழ். விலை பேசுவார், வம்பு பேசுவார், கல்யாணம் விசாரிப்பார். ஒரு மலாய்க்கார அண்ணன் கீரைக்கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தபோது, பெண் பார்க்க வந்தவன்கூட இத்தனை தடவை திருப்பிப் பார்க்க மாட்டான் என்று மலாயிலேயே சொல்லி, சுற்றி நின்றவர்களைச் சிரிக்க வைத்தார். அந்த மலாயில் முன்னொட்டும் கிடையாது, பின்னொட்டும் கிடையாது. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை, எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

வேலை முடிந்து வந்து, சமையலறை மேசையில் அம்மாவை உட்கார வைத்தேன். எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்பார்கள், இப்படிச் சொல்லுங்கள் என்று ஒரு முழு வாக்கியத்தைச் சொன்னேன். அம்மா பாசார் மலாயில், “சாயா டுடோக் ஆயர் ஈத்தாம்” என்றார்.

“டுடோக் இல்லம்மா, திங்கால். சாயா திங்கால் டி ஆயர் ஈத்தாம்.”

“அதத்தானே சொன்னேன்.”

“இல்ல, நீங்க வேற சொன்னீங்க.”

“ஆயர் ஈத்தாம்ல இருக்கேன்னுதானே சொல்லணும்? சொல்லிட்டேனே, லா!”

மறுபடி சொன்னேன், மறுபடி அதையே சொன்னார். பிடிவாதம் என்று முதலில் நினைத்தேன். இல்லை. நான் சொன்னதற்கும் அவர் சொன்னதற்கும் இருந்த வேறுபாடு அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. பொருள் ஒன்றுதானே என்று அவர் காது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. இந்தப் பேச்சில் எத்தனை சொல் இருக்கிறது என்று கேட்டேன். “ஒரு பேச்சுதான்” என்றார்.

அன்றைக்குத்தான் என்னையே நான் கவனித்தேன். புதிய சொல் ஒன்று காதில் விழுந்தால், அடுத்த நொடி அது எழுத்தாக என் கண்ணுக்குள் வந்து நின்றுவிடுகிறது. அதைப் பிடித்துத் திருப்பலாம், வெட்டலாம், வேறு சொல்லுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். தமிழ் எழுத்தைப் படித்தபோது எனக்குக் கிடைத்த கண் அது. மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் அதே கண்ணோடுதான் போனேன். அம்மா எல்லா மொழிகளையும் காதாலும் கையாலும் கற்றவர். ஒரு சொல்லைத் தனியாக எடுத்து வைக்க அவரிடம் இடமே இல்லை. என்னோடு படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். படிக்காதவர்கள்தான் மொழியைச் சீக்கிரம் பிடிப்பார்கள் என்பார்கள். பேச்சைப் பிடிப்பார்கள், சரி. பரீட்சைக்கு வேண்டிய மொழி அது இல்லையே.

கோட்பாடுகள் ஐந்தையும் பாடம் பண்ண அம்மா தானே ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரில் முளைப்பாரிக்குக் கும்மியடிக்கும் மெட்டில் அவற்றை ஏற்றிவிட்டார். மலாய்ச் சொற்கள் நீண்டும் குறுகியும் அந்த மெட்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டன. அரிசி களையும்போது அரசருக்கு விசுவாசம், பாத்திரம் தேய்க்கும்போது சட்டத்தின் மேன்மை. அப்பா லாரி ஓட்டிவிட்டு வந்து சட்டையைக் கழற்றும்போதே கைதட்டத் தொடங்குவார்.

“அடியேய், நீ கும்மியடிச்சே நீல ஐசி வாங்கிடுவ போல.”

“வாங்குனா ஒமக்கு என்ன எரியுது?”

“எனக்கு என்னா? அடுத்த எலெக்‌ஷன்ல நீயே நில்லு. நான் போஸ்டர் ஒட்டுறேன். தலைகீழா ஒட்டுனா திட்டாத.”

அப்பாவுக்கும் வாசிக்கத் தெரியாது என்பதால் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் வீட்டில் அப்படிச் சிரிப்பு கேட்ட நாட்கள் அவை.

நான் ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். “மூணாவது என்னம்மா?” அம்மா முதலிலிருந்து பாடினார். “முதல்ல இருந்து வேணாம், மூணாவது மட்டும்.” மறுபடி முதலிலிருந்தே. மாலையின் நடுப்பூவை மட்டும் உருவச் சொன்னது போல என்னைப் பார்த்தார். ராகத்தை விட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். ராகம் போனதும் சொற்களும் போயின.

எழுத்து கற்றுக்கொடுத்தால் ஒழிய வழியில்லை என்று முடிவு செய்தேன். பாடுவதை நிறுத்தச் சொன்னேன். நேர்காணல் அலுவலகத்தில் உட்கார்ந்து கும்மி பாட முடியாது என்பதை அம்மாவும் ஒப்புக்கொண்டார். மலாய் எழுத்துகளைப் பெரிது பெரிதாக எழுதி மேசையில் வைத்தேன். கீரைக் காம்பு கிள்ளிக் கறுத்த அவருடைய விரல், காகிதத்தில் ஒவ்வோர் எழுத்தின்மேலும் அழுந்தி நின்றது.

“ஆத்தா, மொதல்ல தமிழ் எழுத்தச் சொல்லிக் குடேன். அதுன்னா வாயில இருக்கு” என்று ஒருமுறை கேட்டார்.

“தமிழ்ல யாரும்மா ஒங்களக் கேக்கப் போறா? நேரம் இல்ல.”

நேரம் இல்லை என்பது உண்மை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதும் உண்மை. தெரிந்த மொழியில் எழுத்தைக் கற்பவருக்கு ஒரே சுமைதான். தெரியாத எழுத்தையும் பாதி தெரிந்த மொழியையும் சேர்த்துத் தூக்கச் சொன்னால் கழுத்து ஒடியும். ஆனால் நேர்காணல் தேதி எங்களுக்காகத் தள்ளிப்போகாது.

அம்மா சில எழுத்துகளைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து வேறொன்று ஆரம்பித்தது. காய்கறிக் கூடைகளில் விலை எழுதிக் குத்தியிருக்கும் அட்டைகளை நின்று பார்க்கத் தொடங்கினார். ஒரு சனிக்கிழமை காலை நானே பார்த்தேன். ஒரு மலாய்க்காரப் பெண்மணி கீரை என்ன விலை என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்க வேண்டிய அம்மா, அட்டையில் முதல் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்தப் பெண்மணி பக்கத்துக் கடைக்கு நகர்ந்தார். முதலாளியம்மா தக்காளியை அடுக்கியபடியே மலாயில் கத்தினார்: “ஆப்பா பாச்சா, அக்கா! ஜுவால் லா!” என்ன படிப்பு வேண்டிக்கிடக்கிறது, விற்றுத் தொலை என்று பொருள். பிறகு என்னைப் பார்த்து, “உன் அம்மாவுக்கு என்ன ஆச்சு? முன்னெல்லாம் வாய் மூடாது” என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. கற்கிறவர்கள் கொஞ்ச காலம் தடுமாறத்தான் செய்வார்கள், பிறகு சரியாகிவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன். எனக்கு அப்படித்தான் நடந்தது. எனக்கு அப்போது ஏழு வயது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

நேர்காணலுக்கு டவுனுக்குப் பேருந்தில் போனோம். அம்மா கல்யாணங்களுக்கு மட்டும் கட்டும் பச்சைப் பட்டைக் கட்டியிருந்தார். அதிகாரி முக்காடு அணிந்த இளம்பெண். என் வயதுதான் இருக்கும். அம்மாவை மரியாதையாக ‘மக்சிக்’ என்று அழைத்து, மகள் பக்கத்திலேயே உட்காரலாம், ஆனால் உதவக் கூடாது என்றார். சாப்பிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டார். அம்மா தினமும் பாசாரில் கேட்டும் சொல்லியும் வந்த கேள்வி அது. முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அம்மா அந்த முழு வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் பொறுத்திருந்தார். பிறகு பெரிய எழுத்தில் இரண்டு வரி இருந்த ஒரு தாளை நகர்த்தினார். அம்மா முதல் எழுத்தின்மேல் விரலை வைத்தார். அந்த எழுத்து அவருக்குத் தெரியும், உதடு அசைந்ததிலிருந்து எனக்கும் தெரிந்தது. அடுத்ததும் தெரியும். இரண்டையும் சேர்த்தால் என்ன வரும் என்பதுதான் தெரியவில்லை. விரல் அங்கேயே நின்றது.

தாளை எடுத்துக்கொண்டு, மூன்றாவது கோட்பாடு என்ன என்று கேட்டார் அந்தப் பெண். முதலிலிருந்து சொன்னாலும் சரிதான் என்று தானாகவே சேர்த்துச் சொன்னார். நாற்காலிக்குக் கீழே அம்மாவின் பாதம் தாளம் போடத் தொடங்கியது. தொண்டை வரை மெட்டு வந்துவிட்டது. வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் செய்யவில்லை, உதவக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. அம்மா வாயை மூடிக்கொண்டார்.

“பரவாயில்லை, மக்சிக்” என்றார் அந்தப் பெண். மலாயில் அதை மென்மையாகச் சொல்ல முடியும். அவர் அப்படித்தான் சொன்னார்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அம்மா கேட்டார், “பாடியிருக்கலாமோ, ஆத்தா?”

“பாடியிருந்தாலும் வாசிக்க வரலயேம்மா” என்றேன். அது பொய்யில்லை.

பதில் சில மாதங்களில் வந்தது. நிராகரிப்பு, விரும்பினால் மீண்டும் விண்ணப்பிக்கலாம். அப்பா, “ஒரு தடவ விழுந்தா என்னா, இன்னொரு தடவ போவோம் லா” என்றார். அம்மா சோற்றைப் பரிமாறினார். நான் இந்த முறை தமிழ் எழுத்திலிருந்தே தொடங்கலாம் என்றேன். அரிச்சுவடி ஒன்றும் வாங்கி வந்தேன். அம்மா அதைத் தொடவில்லை. “எனக்கு அது வேணாம். எழுத்துன்னாலே இப்ப நெஞ்சு அடைக்குது” என்றார்.

எழுத்தைக் கற்பித்தது தவறென்று நான் இன்றும் நினைக்கவில்லை. வேறு எதைச் செய்திருந்தாலும் அந்தத் தாள் அவர் முன்னால் வந்திருக்கும். ஆனால் எழுத்து அவரிடம் வந்து சேரவில்லை. அது வரும் என்று ஒதுங்கி இடம்விட்ட பேச்சும் திரும்பி வரவில்லை. பாசாரில் இப்போது கூடைகளுக்குப் பின்னால் நின்று கீரை கட்டுகிறார். விற்பனைக்கு வேறொரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். சமையலறையிலும் பாட்டு இல்லை.

சென்ற மாதம் முழங்கால் வலிக்காக அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். தாதி மலாயில், பெயர் என்ன என்று கேட்டார். அம்மாவைத்தான் கேட்டார். அம்மா என் முழங்கையைத் தொட்டு, “நீ சொல்லு” என்றார்.

நான் என் நல்ல மலாயில் சொன்னேன்.